மீட்ட பொருள் வீடு திரும்பும் வழி

எந்தப் போலீஸ் ஸ்டேஷனைக் கடந்து போனாலும் ஒரு காட்சி தவறாது. சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக ஸ்கூட்டர், பைக், ஆட்டோ, நடுவே ஒரு கார். டயர் மண்ணில் புதைந்திருக்கும். சீட்டைக் கிழித்துக்கொண்டு செடி முளைத்திருக்கும். அவற்றில் சில, யாரோ மாதத் தவணை கட்டி வாங்கித் திருட்டுக் கொடுத்தவை. திருடன் பிடிபட்டான், வண்டியும் கிடைத்தது, ஆனால் உரியவர் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டால், "கேஸ் முடியணும் சார்" என்று பதில் வரும்.

அந்தப் பதில் சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் குடியிருப்பில் யாருக்கும் நகையோ வண்டியோ திருட்டுப் போக வேண்டாம். போனால், இந்த வரலாறு தெரிந்திருப்பது உதவும்.

போலீஸார் ஒரு பொருளைக் கைப்பற்றினால் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுத வேண்டும். பொருளின் அடையாளங்களைக் குறித்து மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் மாநிலத்தில் 'படிவம் 95' என்ற பட்டியலோடு பொருள் கோர்ட்டுக்குப் போகும். அதன்பின் அது கோர்ட்டின் கட்டுப்பாட்டில் இருக்கும் வழக்குச் சொத்து. உரியவர் நேராக ஸ்டேஷனில் கேட்டு வாங்கிவர முடியாததற்குக் காரணம் இதுதான். கோர்ட்டில் மனுப் போட வேண்டும்.

இந்த முறை பிரிட்டிஷ் காலத்தது. 1861-ம் ஆண்டு போலீஸ் சட்டத்திலேயே, உரிமையாளர் தெரியாத பொருளுக்கு அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பொருளை என்ன செய்வது என்பதற்கான தனிப் பிரிவு, 516-ஏ, 1923-ல்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. 1973-ம் ஆண்டுச் சட்டத்தில் அதுவே பிரிவு 451 ஆனது. இரண்டிலும் சாரம் ஒன்றுதான்: கோர்ட் தனக்குத் தக்கதெனத் தோன்றும் உத்தரவைப் பிறப்பிக்கலாம். 'பிறப்பிக்கலாம்' என்று இருந்ததே தவிர, எத்தனை நாளுக்குள் என்று இல்லை. நாள் குறிக்காத வேலை என்ன ஆகும் என்று ஆபீசில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பழைய மைசூர் மாநிலத்தில் பாசவ்வா என்ற பெண்மணியின் வீட்டில் நகைகள் திருட்டுப் போயின. போலீஸார் மீட்டார்கள். நகைகள் ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைக்கப்பட்டன. பிறகு பார்த்தால் காணோம். அவர் நகைக்கு ஈடாகப் பணம் கேட்டார். பொருள் கோர்ட்டின் கையிலேயே இல்லாதபோது கோர்ட் எப்படி உத்தரவிடும் என்ற வாதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1977-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் மாநிலத்தின் பெயரே கர்நாடகா என்று மாறிவிட்டது.

தீர்ப்பு பாசவ்வாவுக்குச் சாதகம். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றுவது, அதை ஓர் அரசு ஊழியரிடம் நம்பி ஒப்படைப்பதற்குச் சமம். தேவைக்கு மேல் ஒரு நாளும் அதை வைத்திருக்கக் கூடாது. தக்க கவனத்தோடு பாதுகாத்தோம் என்று அரசால் காட்ட முடியாத நிலையில் பொருள் தொலைந்தால், அதன் மதிப்பைக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். ஸ்டேஷன் பெட்டிக்குள் இருந்தாலும் நகை நம்முடையதே என்பது இதில் உறுதியானது.

அடுத்த திருப்பம் குஜராத்திலிருந்து வந்தது. அங்கே சில போலீஸார் மீதே வழக்கு. ஸ்டேஷனில் இருந்த விலையுயர்ந்த வழக்குச் சொத்தை எடுத்துவிட்டுப் போலியை வைத்தது, பணத்தைக் கையாடியது, அனுமதியின்றி ஏலம் விட்டது என்று குற்றச்சாட்டுகள். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு என்று அதற்குப் பெயர். 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொருள் ஸ்டேஷனில் கிடப்பதுதான் இந்தத் தவறுகளுக்கெல்லாம் இடம் கொடுக்கிறது என்று கண்டு, நாடு முழுவதற்கும் வழிமுறை வகுத்தது.

பொருள் ஸ்டேஷனில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நகை என்றால் விவரமான மகஜர் எழுதி, போட்டோ எடுத்து, விசாரணைக்குத் தேவைப்பட்டால் கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கி, தக்க ஜாமீனும் பெற்று உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். வண்டியை வருடக்கணக்கில் ஸ்டேஷனில் நிறுத்திவைப்பதில் பயனில்லை; அதற்கும் இதே வழி. நகையைக் கொடுக்க முடியாத நிலை இருந்தால் பேங்க் லாக்கரில் வைக்கலாம்.

முப்பது வருடத்துக்கு மேல் பேங்கில் இருந்தவன் என்பதால் அந்தக் கடைசி வரி என்னைக் கவர்ந்தது. அடகு நகையை நாங்கள் எடை போட்டு, பையில் கட்டி, ஸ்ட்ராங் ரூமில் வைப்போம். சாவி இருவரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. யார் மீதும் சந்தேகப்பட்டு வைத்த விதி அல்ல அது. நல்லவர் மீதும் பழி வராமல் காக்கிற விதி.

பூட்டும் சீலும் மட்டும் போதாது என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 2012-ல் இங்குள்ள ஒரு நிறுவனத்தில் சி.பி.ஐ. சுமார் 400 கிலோ தங்கத்தைக் கைப்பற்றி, அந்த நிறுவனத்தின் பெட்டகங்களிலேயே பூட்டி சீல் வைத்தது. 2020-ல் திறந்து எடை போட்டபோது 103 கிலோவுக்கு மேல் குறைந்தது. முதலில் மொத்தமாக எடை போட்டோம், இப்போது தனித்தனியாகப் போட்டதால் வித்தியாசம் என்றது சி.பி.ஐ. அதை ஏற்காமல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2023-ல் சென்னையிலேயே இன்னொரு வழக்கில், பிடித்த கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீஸார் சொன்னதும், குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். பொருளைக் காப்பாற்றாவிட்டால் உரியவருக்கும் நஷ்டம், வழக்குக்கும் நஷ்டம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், பழைய 451-க்கு இணையான பிரிவு 497, முதன்முறையாக நாள் குறிக்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவர அறிக்கை தயாராக வேண்டும். போட்டோ, தேவையானால் வீடியோ எடுக்க வேண்டும். விசாரணையில் அவையே சாட்சியமாகும். அதன்பின் 30 நாளுக்குள், பொருளை யாரிடம் கொடுப்பது அல்லது என்ன செய்வது என்று உத்தரவு வர வேண்டும். கூட்டினால் 44 நாள். 1923-ல் 'லாம்' என்று இருந்தது 'வேண்டும்' ஆக நூறு வருடம் பிடித்திருக்கிறது.

சட்டம் தன் பங்கைச் செய்தாலும், பொருள் நம்முடையது என்று காட்டுவது நம் பொறுப்பு. பத்துப் பேர் வீட்டுச் சங்கிலி ஒரே மேஜையில் இருந்தால் எது நம்முடையது? வீட்டிலுள்ள நகைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துத் தனித்தனியே போட்டோ எடுங்கள். எடை, பில் நம்பர் எழுதிவையுங்கள். வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல், என்ஜின், சேஸிஸ் நம்பர்களையும் வண்டிக்குள் வைக்காமல் தனியே வையுங்கள். திருட்டுப் போனால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். பொருள் கிடைத்தது என்று தகவல் வந்தவுடன், கேஸ் முடியட்டும் என்று காத்திராமல் வக்கீல் மூலம் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடுங்கள். திரும்பி வந்த பொருளை வழக்கு முடியும்வரை விற்கவோ, உருக்கி மாற்றவோ கூடாது. கோர்ட் கூப்பிட்டால் அதே நிலையில் காட்ட வேண்டும்.

பாசவ்வா தன் நகைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். நாம் மாஜிஸ்திரேட் கோர்ட் வரை போனால் போதும்.