தூணின் நீளம் யாது?

நன்னூலையும் சீவக சிந்தாமணியையும் யாத்த சமணச் சான்றோரைத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் மறந்ததில்லை. எண்ணைப் போற்றிய சமணச் சான்றோர் அவ்வாறு நினைக்கப்படுவதில்லை. அவர்களுள் தலையாயவர் மகாவீராச்சாரியர். தீர்த்தங்கரர் பெயரைத் தாங்கிய இவர், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஜினரை வணங்கித் தொடங்கும் இவரது 'கணித சார சங்கிரகம்' வடமொழிச் செய்யுளால் ஆனது. 1912ஆம் ஆண்டில் பேராசிரியர் மு. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் அதனைப் பதிப்பித்தார்.

அந்நூலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு தூணின் எட்டில் ஒரு பங்கு மண்ணிலும், மூன்றில் ஒரு பங்கு நீரிலும், நான்கில் ஒரு பங்கு பாசியிலும் மறைந்துள்ளது. எஞ்சிய 7 முழம் வெளியே தெரிகிறது. தூணின் நீளம் யாது?

இக்காலப் பள்ளி மாணவர் அறியாத நீளத்தை 'ப' எனக் கொள்வர். அதுவே மாறி. ப-வின் எட்டில், மூன்றில், நான்கில் ஒவ்வொரு பங்கைப் ப-விலிருந்து கழித்தால் 7 என்பது சமன்பாடு. இது மெய்யா, பொய்யா? இப்போது கூற இயலாது. 'அவர் ஆசிரியர்' என்னும் தொடரில் 'அவர்' யாரைச் சுட்டுகிறது எனத் தெரியும்வரை அதன் உண்மையைத் துணிய முடியாததைப் போன்றதே இதுவும். இத்தகைய தொடரே திறந்த வாக்கியம் எனப்படும். ப-வுக்கு 48 என்று இட்டால் எஞ்சுவது 14, வாக்கியம் பொய்யாகிறது. 24 என்று இட்டால் எஞ்சுவது 7, மெய்யாகிறது. மெய்யாக்கும் அந்த எண்ணே தீர்வு.

மகாவீராச்சாரியர் காட்டிய வழி இன்னும் சுருக்கமானது. முழுத் தூணையும் ஒன்று எனக் கொண்டு, கூறிய பின்னங்களின் கூட்டுத்தொகையை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். மறைந்த பங்குகள் 24இல் 17. எஞ்சியது 24இல் 7. தெரிந்த 7 முழத்தை அப்பின்னத்தால் வகுத்தால் 24 முழம் கிடைக்கும்.

அறியாததைக் குறியிட்டு வழங்கும் வழக்கமும் இந்நாட்டில் பழமையானது. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் அறியாத எண்களை 'அவ்யக்தம்', அதாவது வெளிப்படாதது என்றார். ஒன்றுக்கு மேற்பட்டவை வரும்போது கருமை, நீலம் முதலிய நிறங்களின் பெயரால் குறித்தார். சுவேதாம்பர ஆகமமாகிய ஸ்தானாங்க சூத்திரம் கணிதத்தின் பத்துப் பிரிவுகளுள் 'யாவத்-தாவத்' என்பதையும் எண்ணுகிறது. 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அறியாத எண்ணுக்கு அதுவே பெயராயிற்று.

இயற்கணிதம் அயலார் தந்த சுமை என்று அஞ்சும் பிள்ளைகள் பலர். விதியை மட்டும் நெட்டுருச் செய்வோர்க்கு அந்த அச்சம் நீங்குவதில்லை. 'ப' என்பது புதிர் அன்று, இன்னும் வெளிப்படாத ஓர் எண் என்பது விளங்கினால் அச்சம் தானே அகலும். திருநாளில் வீட்டில் கூடும் பிள்ளைகளிடம் பெரியோர் இத்தூணின் கதையைச் சொல்லி நீளத்தைக் கேட்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆசாரியருக்கு அதுவும் ஒரு வணக்கமே.