நாவல் கிளையும் 33 பிழைகளும்

ஊர் வாசலில் மணலைக் குவித்து, அதன் மேல் ஒரு நாவல் கிளையை நட்டுவிட்டுப் போவாள் அந்தப் பெண் துறவி. வாதுக்கு வரத் துணிந்தவர் அதை மிதித்துத் தள்ளலாம். யாரும் தொடாமல் கிளை அப்படியே நின்றால், அவள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவாள். பாலி மொழியில் உள்ள தேரிகதை உரை சொல்லும் குண்டலகேசியின் கதை இது. நகைக்காகத் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன கணவனையே கீழே தள்ளி உயிர் தப்பியவள். பின்னர் சமணத் துறவியாகி, வாதத்தில் எதிரில்லாமல் சுற்றியவள்.

சாவத்தி நகரில் சிறுவர்கள் அந்தக் கிளையை மிதித்தார்கள். மிதிக்கச் சொன்னவர் புத்தரின் சீடர் சாரிபுத்தர். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகு, அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: ‘ஒன்று’ என்பது எது? அவளிடம் பதில் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டவள், பௌத்தத் துறவியானாள்.

இந்த வாத மரபு தமிழகத்திலும் செழித்திருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை வரிசையாகச் சொல்கிறது. கப்பல்களின் கொடியோடும் கள்ளுக்கடைக் கொடியோடும், வாதுக்கு அழைத்து ஆசிரியர்கள் ஏற்றிய கொடியும் இருக்கிறது. அதே ஊரில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறலாம் என்று அறிவிப்பதை மணிமேகலைக் காப்பியம் காட்டுகிறது. பகைவரைக் கண்டாலும் கோபத்துக்கும் சண்டைக்கும் இடம் கொடுக்காமல் விலகிப் போகவேண்டும் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு.

இன்றைய பட்டிமன்றத்தில் தோற்ற அணியும் வென்ற அணியும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, கொண்டுவந்த கருத்தோடே வீட்டுக்குப் போகின்றன. பழைய கதைகளில் வாதத்தின் விலை அதிகம். தோற்றவர் தம் சமயத்தையே விட்டுவிட்டு, வென்றவரின் நெறியை ஏற்க வேண்டும்.

அந்தக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை வஞ்சி நகருக்குள் போகும்போது யாரோடும் மோதப் போகவில்லை, கேட்கப் போகிறாள். இளம்பெண் என்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று துறவி வேடம் பூண்டுகொள்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று விசாரிக்கிறாள். பெரும்பாலும் பேசாமல் கேட்டுக்கொள்கிறாள். கடைசியில் நிற்கும் பூதவாதியோ கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்காதவன். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு உபதேசம் செய்கிறார். அறத்துக்கு முன்னால் அவர் நடத்தும் பாடம் தருக்கம். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அடுப்படியில் பார்த்திருக்கிறோம் அல்லவா என்று கூற்று, காரணம், எடுத்துக்காட்டு மூன்றையும் பிரித்துக் காட்டுகிறார். இந்த மூன்றிலும் நேரக்கூடிய போலிகளையும் எண்ணிக்கையோடு அடுக்குகிறார்: கூற்றில் 9, காரணத்தில் 14, எடுத்துக்காட்டில் 10. ஆக மொத்தம் 33. தன்னைப் பெற்றவளையே மலடி என்று ஒருவன் சொன்னால், அது தன் பேச்சே தன்னை மறுக்கும் வகை. இந்தப் பட்டியல், எதிராளியின் பேச்சில் ஓட்டை தேட மட்டும் பயன்படுவதல்ல. அறவண அடிகள் இதைச் சொல்லிக் கொடுப்பது தம் சமயத்தையே ஏற்கப் போகிற மாணவிக்கு. இத்தனையும் கேட்டுத் தெளிந்த பிறகே அவள் பௌத்தத் தவம் பூணுகிறாள்.

குண்டலகேசியின் கதையைச் சொன்ன பௌத்தக் காப்பியத்துக்குச் சமணர்களின் பதில் நீலகேசி என்ற காப்பியம். ஆடு பலியிட வந்தவர்களைத் தடுத்து, மண்ணால் செய்த உருவைப் படைக்கச் சொன்ன முனிச்சந்திரரை விரட்ட, தமிழ்நாட்டுப் பழையனூரிலிருந்து நீலி என்ற பேய்த்தெய்வம் வரவழைக்கப்படுகிறது. அவள் அவரை மிரட்டிப் பார்த்தாள், மயக்கிப் பார்த்தாள், அவர் அசையவில்லை. பலி கேட்டே பழகியவள், தன் வழக்கமே தவறு என்று உணர்ந்து அவரிடம் அறம் கேட்கிறாள். அதன்பின் வாதுக்குக் கிளம்பியவள், முதலில் குண்டலகேசியை வெல்கிறாள். புத்தரையே நேரில் கண்டு வாதிடுகிறாள். ஆசீவகம், சாங்கியம், வேதவாதம் என்று ஒவ்வொன்றாக எதிர்கொள்கிறாள்.

எழுதியவர் எந்தப் பக்கமோ, வெற்றியும் அந்தப் பக்கமே என்பது உண்மைதான். சாத்தனார் பௌத்தர், மணிமேகலை பௌத்தத்தில் போய் நிற்கிறாள். நீலகேசியின் ஆசிரியர் சமணர், புத்தரும் தோற்கிறார். ஆனாலும் மறுப்பதற்காகவாவது எதிர்த்தரப்பை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பிற சமயங்களுக்கென்றே ‘பரபக்கம்’ என்று ஒரு பகுதியை ஒதுக்கி, அவற்றின் கொள்கையைச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கு வருகிறார். குண்டலகேசிக் காப்பியம் அழிந்துபோய் இன்று 19 பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அதன் வேறு பல பாடல்களின் முதற்குறிப்பு கிடைப்பது, அதை மறுக்க எழுந்த நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையில்.

பிற சமயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம், பிற்காலத்தில் இந்த நூல்களைப் பதிப்பிக்கவும் தேவைப்பட்டது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமுமாக நிறையக் கற்றிருந்தார். அந்த ஆண்டே அவரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் சொன்ன பட்டியல் எதுவும் முதலியாரை அசைக்கவில்லை. முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணியைப் புரிந்துகொள்ள, சைவ மடத்தில் படித்த ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். சமண நூலைப் பதிப்பிக்கிறார் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

மணிமேகலை அதைவிடக் கடினம். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தமிழ்ப் பௌத்தர் யாரும் அருகில் இல்லை. உடன் பணியாற்றிய ரங்காசாரியார் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, அவற்றோடு வரிகளை ஒப்பிட்டு, 1898இல் பதிப்பை முடித்தார் ஐயர். புத்தர் சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகிய மூன்றையும் அவரே தமிழில் எழுதி அந்தப் பதிப்போடு சேர்த்தார்.