பதுங்குகுழியும் மூச்சுக்காற்றும்

வன்னிப் பெருநிலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் போர்க்காலத்தில் அகழ்ந்த பதுங்குகுழிகளுள் பல டகர வடிவின. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண்மூடைகளால் மூடுவர். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் கடற்கரை மணலுக்கு ஒதுங்கியவர்கள், சாக்குக் கிடையாமையாற் சேலைகளைத் தைத்து மணல் நிரப்பினர். பட்டுச்சேலைகளும் அவ்வாறு போயின. இத்தனை பாடுபட்டு மூடியவர்கள் வாயிலை மட்டும் அடைத்தாரல்லர். வாயில் வழியே எறிகணைச் சிதறல் புகும் என்பதை அவர்கள் அறியாதவர்களா? அறிந்தே குழியை வளைத்து வெட்டினர். சிதறல் நேரே பாயும். காற்றோ வளைந்தும் வரும்.

வாயில் அடைபட்டால் நேர்வது யாது என்பதைச் சீனத்தின் சுங்கிங் நகரம் கண்டது. 1941 யூன் 5ஆம் நாள் இரவு, யப்பானிய விமானங்களுக்கு அஞ்சிப் பெருங்கூட்டம் ஒரு சுரங்கத்துட் புகுந்தது. காற்றோட்டம் போதவில்லை. வெளியேற முயன்றோர் வாயிலில் நெருக்குண்டனர். மாண்டோர் ஆயிரவர் அளவினர் என்றது அரசின் கணக்கு. அதனினும் பன்மடங்கு என்பாரும் உளர்.

அடைத்த அறையிலே பிராணவாயு தீர்ந்து மனிதர் மாள்வர் என்பது பொதுவான எண்ணம். அஃது அரையுண்மையே. நாம் வெளிவிடும் கரியமிலவாயுவே முந்திக்கொள்கிறது. மூச்சின் வேகத்தை ஆள்வது பெரும்பாலும் அவ்வாயுவே என்பதை ஹோல்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் இருவர் 1905இல் நிறுவினர்.

நச்சுப்புகைக்கு அஞ்சிய பிரித்தானிய அரசு, 1938இல் வீடுதோறும் வழங்கிய கைந்நூலில், அறையின் இடுக்குகளைத் தாள் ஒட்டி அடைக்குமாறு கூறியது. 10 அடி நீளமும் 10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள அறையில் ஐவர் 12 மணி நேரம் தங்கலாம் என்பது அந்நாளைய கணக்கு. நேயர்கள் இதனைச் சரிபார்க்கலாம். அமைந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 0.64 கன அடி கரியமிலவாயுவை வெளிவிடுவார். ஐவருக்கும் 12 மணியில் 38 கன அடி. 800 கன அடி அறையில் இது நூற்றுக்கு ஐந்தளவு. தலையிடியும் மேல்மூச்சும் தோன்றும் நிலை இது. அப்போதும் அங்கே எஞ்சும் பிராணவாயு, பிதுருதலாகலை உச்சியில் உள்ளதற்கு ஏறக்குறைய நிகராகும். அம்மலையேறி எவரும் மூச்சடைத்து மாள்வதில்லை!

ஒரு மெழுகுதிரியை ஏற்றினால் அதுவும் பிராணவாயுவை உண்டு கரியமிலவாயுவை விடும். கரியடுப்பு அதனினும் கொடிது. அது விடும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் வழங்கிய ஜாம் போத்தல் விளக்கு, எண்ணெயைச் சிக்கனம் செய்யப் பிறந்ததாயினும், காற்றையும் சிறிதே உண்டது.

வன்னியின் குழிகளில் மூச்சடைப்பு வந்தது பெரும்பாலும் வேறு வழியில்: மணற்சுவர் சரிந்து உள்ளிருந்தோரை மூடியபோது. 2008 நவம்பர்ப் பெருமழையிலோ குழிகளில் வெள்ளம் நின்றது. காற்றுக்கென விட்ட வாயில் வழியே நீரும் பாம்பும் புகுந்தன. மக்கள் நீரை வாளியால் இறைத்துவிட்டு மறுபடியும் உள்ளே இறங்கினர்.