லாபான் வீட்டுப் பரிசம்

ஆடித்தபசு முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் பூச்சந்தையில் நிற்க இடம் கிடைக்காது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் மல்லிகையும் பிச்சியும் விலை ஏறிக்கொண்டே போகும். அப்படியொரு காலையில் சந்தைப் பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "பாப்பாவுக்குப் பரிசம் போட்டாச்சா?" என்றார் ஒருவர். "வெள்ளிக்கிழமை போட்டாச்சு அண்ணாச்சி, தையில கல்யாணம்" என்றார் மற்றவர். கேட்டவர் நெற்றியில் திருநீறு, சொன்னவர் கழுத்தில் சிலுவை. இருவருக்கும் சொல் ஒன்றுதான்.

அந்தச் சொல் வேதாகமத்திலும் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவருக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பணத்தை எபிரெயத்தில் 'மோகர்' என்பார்கள். தென்பாண்டிச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் அதைப் 'பரிசம்' என்றே சொல்கிறது. ஆதியாகமத்தில் சீகேம் என்ற இளைஞன் தீனாளைக் கேட்டு வரும்போதும், சவுல் ராஜா தன் மகள் மீகாளைத் தாவீதுக்குக் கொடுக்க நிபந்தனை போடும்போதும் இதே சொல்தான். மொழிபெயர்த்தவர்கள் புதுச்சொல் தேடி அலையவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு புழங்கிய சொல்லையே எடுத்து வைத்தார்கள். அந்தக் காலத்துப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சம்பந்தம் பேசினார்கள் என்பதைப் பார்க்க இந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு போகலாம்.

வேதாகமத்தில் மிக விரிவாகச் சொல்லப்பட்ட பெண் பார்க்கும் படலம் ரெபெக்காளுடையது. ஆதியாகமத்தின் 24-ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கே போகிறது. ஆபிரகாமுக்கு வயதாகிவிட்டது. மகன் ஈசாக்குக்குக் கானான் தேசத்துப் பெண் வேண்டாம், தன் சொந்தத்தில்தான் எடுக்கவேண்டும் என்று வீட்டு மூத்த வேலைக்காரனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார். இன்றைய துருக்கியின் தென்கோடியில், சிரியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரான் வட்டாரம்தான் போய்ச் சேரவேண்டிய இடம். பத்து ஒட்டகங்களோடு பாலைவழியில் பல நாள் பயணம். மாப்பிள்ளை வரவில்லை. அவரிடம் யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

ஊருக்கு வெளியே கிணற்றடியில் சாயங்காலம் பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் நேரம். எனக்கும் தண்ணீர் தந்து என் ஒட்டகங்களுக்கும் வார்க்கிற பெண்ணே இந்த வீட்டுக்கு ஏற்றவள் என்று அந்த வேலைக்காரக் கிழவர் மனதில் ஒரு குறி வைத்துக்கொள்கிறார். தாகத்தோடு வந்த ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும். பத்து ஒட்டகங்களுக்கும் குடத்தால் மொண்டு ஊற்றுவது எத்தனை நடை என்று, வறண்ட கோடையில் கிணற்றில் தண்ணீர் இறைத்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ரெபெக்காள் ஓடி ஓடி ஊற்றினாள். கிழவர் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் நகைப்பையை அவிழ்க்கிறார். அரைச் சேக்கல் எடையில் மூக்கில் அணியும் பொன் வளையம் ஒன்று, பத்துச் சேக்கல் எடையில் இரண்டு காப்புகள். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்று வைத்தால் காப்புகள் மட்டுமே 14 சவரன் அளவுக்கு வரும்.

வீட்டில் சாப்பாடு வைக்கிறார்கள். வந்த விஷயத்தைச் சொல்லாமல் சாப்பிடமாட்டேன் என்கிறார் அவர். நம் பக்கம் பெண் கேட்டுப் போகிறவர்கள் பேச்சு முடியாமல் கை நனைக்கமாட்டார்கள். இதை முதன்முதலில் வாசித்தபோது என் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள்.

தகப்பன் பெத்துவேலும் அண்ணன் லாபானும் சம்மதிக்கிறார்கள். பெண்ணுக்கு நகையும் துணியும், அண்ணனுக்கும் தாய்க்கும் உயர்ந்த பொருள்களும் கைமாறுகின்றன. மறுநாளே புறப்படவேண்டும் என்று கிழவர் அவசரப்படுத்துகிறார், பத்து நாளாவது இருக்கட்டும் என்று அண்ணனும் தாயும் மன்றாடுகிறார்கள். அந்த இழுபறியில்தான் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்கிறார்கள். கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள்.

இதை மிகைப்படுத்தக் கூடாது. பேச்சு முடிந்து பொருள் கைமாறிய பிறகு வந்த கேள்வி அது. இன்றே போகிறாயா என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஆனாலும் அந்த ஒரு கேள்வியை யூத மரபு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவளை மணமுடித்துக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே ஆதாரம் என்று 11-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி எழுதினார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, மகள் வளர்ந்து இன்னாரை விரும்புகிறேன் என்று சொல்லும்வரை தகப்பன் அவளை நிச்சயம் செய்யலாகாது என்ற கருத்து தல்மூது என்ற யூத நூலில் பதிவாகிவிட்டது. கேட்கப்பட்டவள் தாதியையும் தோழிகளையும் கூட்டிக்கொண்டு ஒட்டகம் ஏறினாள். அவள் மறுபடி தாய்வீடு வந்ததாக வேதாகமம் சொல்லவில்லை.

முறை விஷயத்துக்கு வருகிறேன், நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஆபிரகாமும் நாகோரும் கூடப்பிறந்தவர்கள். நாகோரின் மகன் பெத்துவேலும் ஆபிரகாமின் மகன் ஈசாக்கும் ஒருவருக்கொருவர் பங்காளி. பெத்துவேலின் மகள் ரெபெக்காள் ஈசாக்கைச் சித்தப்பா என்று அழைக்கவேண்டியவள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தச் சாதியிலும் இந்தச் சம்பந்தத்தைப் பேச்சுக்குக்கூட எடுக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த தலைமுறையில் ஈசாக்கின் மகன் யாக்கோபு கட்டியது லாபானின் மகளை, அதாவது தாயோடு பிறந்த மாமன் மகளை. அச்சு அசலாக நம் ஊர் முறைப்பெண்! கூடப்பிறந்தவர் பிள்ளைகளில் யார் உரியவர், யார் அண்ணன் தங்கை என்று நாம் போடும் கோட்டை அவர்கள் போடவில்லை. இரத்தமும் நிலமும் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தார்கள். ஆண் வாரிசு இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து மகள்களும் மோசேயிடம் முறையிட்டுத் தந்தையின் நிலத்தில் பங்கு வாங்கினார்கள். கூடவே, சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் முடிக்கவேண்டும் என்ற கட்டும் வந்தது. ஐவரும் சித்தப்பா பெரியப்பா மக்களையே மணந்தார்கள்.

சபை கொண்டுவந்த முறையும் நம் ஊர் முறையும் மோதிய இடம் நம் பழைய திருநெல்வேலி மாவட்டம்தான். 1854 முதல் மிஷனரி தாமஸ் ராக்லாந்தும் அவருடைய கூட்டாளிகளும் கூடாரம் அடித்து அடித்து வடதிருநெல்வேலியின் கரிசல் ஊர்களைச் சுற்றினார்கள். ராக்லாந்து 1858-ல் சிவகாசியில் இறந்தார். இப்படி வந்த இங்கிலாந்துச் சபையார் கையில் 1563-ல் பேராயர் பார்க்கர் வகுத்த, மணக்கக் கூடாத உறவுகளின் பட்டியல் இருந்தது. மாமன் மகள், அத்தை மகள் அதில் இல்லை. அக்காள் மகள் இருந்தாள். ஆக, மாமன் மகளைக் கட்ட வந்தவனுக்குச் சபை வழிவிட்டது, அக்காள் மகளைக் கட்ட வந்தவனை நிறுத்தியது. கத்தோலிக்கச் சபையிலோ மாமன் மகளுக்கே தனி அனுமதி வாங்கவேண்டும். அக்காள் வயிற்றில் பெண் பிறந்த அன்றே தாய்மாமனுக்கு என்று பேசி வைத்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்! வழக்கம் என்றால் இரண்டு பக்கமும் வழக்கம்தான். அந்தச் சண்டையில் பெண்ணின் விருப்பம் என்ன என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

1872-ல் வந்த இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், 21 வயது நிரம்பாதவர்களுக்குத் தகப்பன் சம்மதத்தைத்தான் முதலில் கேட்டது. சபைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை 'ஓலை' வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று சபை முழுவதையும் கேட்பது அது. மேலைநாட்டுச் சபை வழக்கத்துக்குத் தமிழர் வைத்த பெயர் ஓலை. எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று.

பணத்துக்குத் திரும்புவோம். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் ஆண்ட அம்முராபியின் சட்டத்தில், பரிசம் கொண்டுவந்த மாப்பிள்ளை மனம் மாறினால் கொடுத்தது போனது போனதுதான். பெண்ணின் தகப்பன் பின்வாங்கினால் வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பவேண்டும். அதே நாட்டில் பல குடும்பங்கள் அந்தப் பணத்தை மகளின் ஆடை ஓரத்தில் முடிந்து அவளோடு திருப்பி அனுப்பின என்று களிமண் ஏடுகள் காட்டுகின்றன. நம் பக்கம் முந்தானையில் முடிந்து விடுவது போல. எகிப்தின் எலிபன்டைன் தீவில் குடியிருந்த யூதர்களின் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு மண ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. மிப்தஹியா என்ற பெண்ணுக்காக மாப்பிள்ளை அவள் தகப்பனிடம் ஐந்து சேக்கல் வெள்ளி கொடுக்கிறான். வாழப் பிடிக்காவிட்டால் சபை நடுவே எழுந்து நின்று கணவனை விலக்கலாம், கொண்டுவந்த பொருளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவளுக்கும் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகள் வாயைத் திறந்து கேட்டு வாங்கிய இடமும் வேதாகமத்தில் உண்டு. காலேப் தன் மகள் அக்சாளை ஒத்னியேலுக்குக் கொடுத்தார். கூடக் கொடுத்தது வறண்ட தென்னிலம். அவள் கழுதையை விட்டு இறங்கி, காய்ந்த நிலத்தைக் கொடுத்தீர்களே, நீரூற்றும் கொடுங்கள் என்றாள். மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் தகப்பன் கொடுத்தார். மேற்குமலையின் மழை மறைவில், மானாவாரிக் கரிசலை நம்பி வாழும் நம் வட்டாரத்தில், கிணறு இல்லாத நிலம் என்ன சீதனம் என்று யாருக்கும் விளக்கவேண்டாம். அக்சாள் கேட்டது நியாயம்.

இங்கே நடந்தது மோகருக்கு நேர்மாறு. பல சமூகங்களில் இருபதாம் நூற்றாண்டில் பரிசம் வெறும் சடங்காகச் சுருங்கியது. தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை, ஒரு புடவை, பேருக்கு ஒரு தொகை என்றாகிவிட்டது. எதிர்த்திசையில் நகையும் ரொக்கமும் பெருகின. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகும் பெருகின. திருநீறு பூசிய வீட்டிலும் சிலுவை போட்ட வீட்டிலும் பெருகின. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மோகர் கொடுத்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஏன் என்றால் லாபான்.

அண்ணன் ஏசாவுக்குப் பயந்து ஓடிவந்த யாக்கோபு கையில் ஒரு காசு இல்லை. மாமன் மகள் ராகேலுக்கு ஈடாக ஏழு ஆண்டு ஆடு மேய்க்க ஒப்புக்கொண்டான். ஏழு ஆண்டும் முடிந்த இரவில் லாபான் மணவறைக்குள் அனுப்பியது மூத்தவள் லேயாளை. விடிந்ததும் கேட்டதற்கு, மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊரில் இல்லை என்றார். இந்தப் பதிலை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! கலியாண வாரம் கழிந்ததும் ராகேலையும் கொடுத்தார். அதற்கு இன்னும் ஏழு ஆண்டு வேலை. அந்த இரவு முழுக்க லேயாள் ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. ராகேல் எங்கே இருந்தாள் என்றும் இல்லை. ரெபெக்காளைக் கேட்கச் சொன்ன அதே லாபான்தான் தன் மகள்கள் இருவரையும் கேட்காமல் விட்டவர்.

பிறகு அந்த அக்காளும் தங்கையும் ஒரு கணவனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். இருபதாம் ஆண்டில் யாக்கோபு ஊரை விட்டுப் புறப்பட நினைத்தான். மந்தை மேயும் வெளிக்கு இருவரையும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னான். அவர்கள் இருவரும் ஒரே குரலில் பேசுவது அங்கேதான். தகப்பன் வீட்டில் இனி எங்களுக்கு என்ன பங்கு இருக்கிறது, எங்களை அந்நியராக நினைத்தார், விற்றுவிட்டார், எங்களுக்காக வந்த பணத்தையும் தின்று தீர்த்துவிட்டார் என்றார்கள்.

லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போயிருந்த நாள் பார்த்து ஒட்டகங்கள் புறப்பட்டன. தகப்பன் வீட்டுத் தெய்வச் சிலைகளை ராகேல் எடுத்துக்கொண்டாள். அவர் துரத்தி வந்து கூடாரம் கூடாரமாகத் தேடியபோது அவற்றை ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

(தொடரும்)