சுவரைத் தாண்டிய உறுமல்



லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பக்கத்து வீட்டில் பாட்டு வைத்தால் பாடகரின் சொல் நமக்குக் கேட்காது. 'தும், தும்' என்ற முழக்கம் மட்டும் பலகைச் சுவரைத் தாண்டி வந்துவிடும். தொட்டிலில் உறங்கும் குழந்தையை எழுப்புவதும் அதுதான். இதே தொல்லையில் அமெரிக்காவின் பெரிய படக் கம்பெனி ஒன்றே மாட்டிக்கொண்டது.

1974-ஆம் ஆண்டு யுனிவர்சல் நிறுவனம் 'எர்த்குவேக்', அதாவது 'நிலநடுக்கம்' என்ற படத்தை வெளியிட்டது. நிலம் ஆடுவதை ரசிகர்கள் தம் உடலிலேயே உணரவேண்டும் என்பதற்காக 'சென்சரவுண்ட்' என்ற முறையை அமைத்தார்கள். பெரிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கொட்டகைக்குள் அடுக்கினார்கள். வினாடிக்குச் சுமார் 20 அதிர்வுக்குக் குறைந்த ஒலி நம் காதுக்குச் சரிவரக் கேட்காது, நெஞ்சுதான் உணரும். அந்த எல்லையை ஒட்டிய உறுமலை இப்பெட்டிகள் எழுப்பின. ஹாலிவுட்டின் கிரௌமன்ஸ் சைனீஸ் தியேட்டரில், கூரைக் காரை உதிர்ந்து தலையில் விழாதிருக்க வலையே கட்டினார்கள்! ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருதும் இம்முறைக்குக் கிடைத்தது.

சங்கடம் அடுத்த அரங்கில் தொடங்கியது. ஒரே கட்டடத்தில் பல அரங்குகள் பெருகி வந்த காலம் அது. பக்கத்தில் 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் ஓடியபோது, அந்தப் படத்துக்குள் நிலநடுக்கம் புகுந்தது. புகார்கள் எழுந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களோடு சென்சரவுண்ட் ஓய்ந்துவிட்டது.

காரணம் எளியது. வினாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, சுமார் எட்டரை மீட்டர் நீளம். அதன்முன் பலகைச் சுவர் தப்பின் தோல்போல அசைந்து கொடுக்கும். திரைச்சீலை தொங்கவிட்டும் பயனில்லை, காசுதான் வீண்.

1990-களின் பிற்பகுதியில் டிவிடி வந்தபின், இந்த உறுமல் சப்வூஃபர் என்ற பெட்டியாக வீட்டுக்குள்ளும் பரவலாக நுழைந்தது. வாங்கியவர் பெரும்பாலும் அதை மூலையில் வைப்பார். மூலையோ முழக்கத்தைப் பெருக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும் அலைகள், சுவரோரத்தில் இரைச்சலையும் நடு அறையில் வெறுமையையும் உண்டாக்கும். வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவோம். முழக்கமும் சேர்ந்து கூடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பார்ப்பவருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். நீங்கள் அமரும் நாற்காலியில் சப்வூஃபரை வைத்துப் பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். முழக்கம் எங்கே சீராக, தெளிவாகக் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்கு உரிய இடம். பிறகு பெட்டியின் திருகை 80 அதிர்வு அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேற்பட்ட ஒலியை மற்ற ஒலிபெருக்கிகள் பார்த்துக்கொள்ளும். சப்வூஃபரின் சத்தத்தை முழுக்கக் குறைத்து, மெல்லமெல்லக் கூட்டுங்கள். முழக்கம் தனியே பெட்டியிலிருந்து வருவதாகத் தோன்றினால் சற்றே குறையுங்கள்.

கடைசியாக, பாட்டை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.