பிள்ளை யாருக்குச் சொந்தம்?

பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் உரிமை யாருக்கு உரியது? பெற்றோருக்கா, அரசுக்கா, திருச்சபைக்கா? இக்கேள்வி ஏட்டளவில் நில்லாமல் நீதிமன்றப் படியேறிய நாடு அமெரிக்கா. பதின்வயதுப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாமல், இல்லத்திலேயே கல்வியிலும் விசுவாசத்திலும் வளர்க்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்கள் அடைந்த உரிமையின் வரலாற்றில் கத்தோலிக்கருக்கும் பங்குண்டு. நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் உண்டு.

அமெரிக்க ஆயர்கள் 1884-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் கூடிய சங்கத்தில், ஒவ்வொரு ஆலயத்தின் அருகிலும் ஒரு பங்குப் பள்ளி எழ வேண்டுமெனப் பணித்தனர். எளிய குடியேறிகளின் காணிக்கையாலும் அருட்சகோதரியரின் உழைப்பாலும் அப்பள்ளிகள் எழுந்தன. ஆயின் 1922-ஆம் ஆண்டு ஒரிகன் மாநில வாக்காளர், 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரும், சில விலக்குகள் நீங்கலாக, அரசுப் பொதுப் பள்ளிகளிலேயே பயில வேண்டும் என்றொரு சட்டத்தை நிறைவேற்றினர். கத்தோலிக்கரைப் பகைத்த கு கிளக்ஸ் கிளான் இயக்கம் அதற்குப் பின்பலமாய் நின்றது. சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால் அம்மாநிலப் பங்குப் பள்ளிகளின் கதவுகள் அடைபட்டிருக்கும்.

இயேசு, மரியா திருப்பெயர்களின் அருட்சகோதரியர் சபை வழக்குத் தொடுத்தது. 1925 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளியது. பிள்ளை அரசின் வெறும் படைப்பு அன்று. அதனைப் பேணி வளர்ப்போருக்கே அதன் வாழ்வை நெறிப்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1929 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய சுற்றுமடலில் இத்தீர்ப்பைச் சான்றாக எடுத்துக்காட்டினார். உலகியல் நீதிமன்றம் ஒன்றின் சொல்லைத் திருத்தந்தை ஒருவர் இவ்வாறு எடுத்தாள்வது அரிதினும் அரிது.

எனினும் அந்தத் தீர்ப்பு தனியார் பள்ளிகளைத்தான் காத்தது. பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரின் நிலை என்ன? இதற்கு விடைதேட வழிவகுத்தவர்கள் அமிஷ் மக்கள். ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய அச்சிறு சபையினர் உழவையும் எளிமையையும் போற்றுபவர்கள். வளர்ந்து, தாமே முடிவு செய்த பின்னரே திருமுழுக்குப் பெறுபவர்கள். எட்டாம் வகுப்புவரை அவர்கள் தடை சொல்லவில்லை. ஆனால் விசுவாசத்தைக் குறித்துப் பிள்ளை முடிவெடுக்க வேண்டிய அந்தப் பருவத்தில், போட்டியையும் உலகப் பெருமையையும் புகட்டும் உயர்நிலைப் பள்ளி வேண்டாம் என்றனர். வீட்டிலும் வயலிலும் செய்து கற்பதே போதும் என்றனர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத மூன்று தந்தையருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை சிறிது, கொள்கை பெரிது. வழக்காடுவது அமிஷ் மக்களின் நெறிக்கு ஒவ்வாதது. ஆகவே லூத்தரன் போதகர் ஒருவர் தலைமையில் குழு அமைந்தது. அவர்களுக்காக வாதாடியவர் வில்லியம் பால் என்னும் கத்தோலிக்க வழக்கறிஞர். 1972 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய மாறுபட்ட குரல் ஒன்றும் ஒலித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ், பிள்ளைகளிடம் யாரேனும் கேட்டார்களா என வினவினார். மூவரில் ஒரு சிறுமி மட்டுமே சாட்சிக் கூண்டேறி, இது தன் சொந்த விசுவாசம் எனக் கூறியிருந்தாள். ஏனைய இருவரின் உள்ளம் அறியப்படவில்லை. இசைக் கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ விளங்க ஒரு பிள்ளை விரும்பலாம். தன் எதிர்காலம் குறித்துப் பேச அதற்கும் வாய்ப்பு வேண்டும் என்றார் அவர்.

அமிஷ் வழக்கின் வெற்றி எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடவில்லை. நெடுங்கால மரபுடைய சமயக் குழு என்பதாலேயே அவர்களுக்கு விலக்கு கிட்டியது. மற்றப் பெற்றோர் மாநிலம் மாநிலமாகப் போராடினர். அரசுப் பள்ளிகள் முன்னின்று நடத்திய செபமும் விவிலிய வாசிப்பும் 1962, 1963 தீர்ப்புகளால் நின்றதில் மனம் வருந்திய பிரிவினை சபைக் குடும்பங்கள் பலவும், அருட்சகோதரியர் குறைந்து பங்குப் பள்ளிகள் மூடப்பட்டதைக் கண்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவும் வீட்டுக் கல்வியை நாடின. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டப்படி ஏற்கப்பட்டது. 1999-இல் ஏறக்குறைய 8,50,000 பிள்ளைகள் இவ்வாறு பயின்றதாக அரசுக் கணிப்பு கூறியது; 2003-இல் அது 11 இலட்சமாயிற்று. வர்ஜீனியாவில் அமைந்த சீட்டன் இல்லக் கல்வி நிறுவனம் போன்றவை கத்தோலிக்கப் பாடங்களை அஞ்சல்வழி அனுப்பி, விடைத்தாள்களைத் திருத்தி, பெற்றோருக்குத் துணைநின்றன.

எழுத்தும் எண்ணும் கற்பிப்பது எளிது. உயர்நிலை வகுப்புகளே கடினம். இயற்கணிதமும் வேதியியல் ஆய்வும் கல்லூரி நுழைவும் பெற்றோரை மலைக்க வைக்கும். அவற்றினும் கடினமானது விசுவாசம். சிறு பிள்ளை பெற்றோரின் செபத்தைத் திருப்பிச் சொல்லும், பதினைந்து வயதுப் பிள்ளையோ, "ஏன்?" என்று கேட்கும். அக்கேள்வியைத் தவிர்க்கவே வீட்டின் கதவை அடைத்தால், அது கல்வியாகாது, காவலாகிவிடும்.

திருச்சபையின் படிப்பினை இங்கே நமக்கு ஒளி தருகிறது. பெற்றோரே முதன்மையான கல்வியாளர் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அதே ஆண்டில், விசுவாசம் வற்புறுத்தலால் வருவதன்று, தன்னுரிமையோடு இறைவனுக்கு அளிக்கும் மறுமொழி என்றும் அறிவித்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்க்கப் பெற்றோரை ஏவுகிறது; அது இயலாதவிடத்து, பள்ளிக்கு வெளியே கத்தோலிக்கக் கல்வி கிடைக்கச் செய்யும் கடமையை அவர்கள்மீதே சுமத்துகிறது. ஆக, பள்ளியில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பொறுப்பு வீட்டை விட்டு அகல்வதில்லை. பள்ளிக் கட்டணத்தோடும் ஞாயிறு மறைக்கல்வியோடும் நம் கடன் தீர்ந்தது எனக் கருதும் நமக்கும் இது பொருந்தும்.

பிள்ளை அரசுக்குச் சொந்தமன்று என்பதை 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உரைத்தது. பெற்றோருக்கும் சொந்தமன்று என்பதை நாசரேத்து இல்லம் உரைக்கிறது. பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேள்வி கேட்ட மகனை மரியாவும் சூசையும் கலக்கத்தோடு தேடிக் கண்டனர். அவர் தம் தந்தையைப் பற்றிப் பேசினார். அவர்களுக்கோ அது விளங்கவில்லை. ஆயினும் அவர்கள் அவர் வாயை அடைக்கவில்லை. அவரும் அவர்களோடு திரும்பிச் சென்று பணிந்து வாழ்ந்தார். தாய் அச்சொற்களை உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தாள். பதின்வயதுப் பிள்ளையின் கேள்வியைக் கேட்க நேரும் ஒவ்வொரு பெற்றோரும் அவளிடம் பயில வேண்டிய பாடம் இதுவே.