பெரும்பக்கத்தை முடிவு செய்ய வேண்டியது யார்? லினக்ஸ் கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டை முன்வைத்து

தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றின் நிறுவல் கையேடுகளில் ஒரு வரி பல ஆண்டுகளாக மாறாமல் இருந்து வருகிறது: லினக்ஸின் ‘டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள். கணினி நிர்வாகிகளும் ஏன் என்று கேளாமல் அணைத்துவிடுகிறார்கள். சுருக்கமாக டிஹெச்பி எனப்படும் இவ்வசதி நல்லதா கெட்டதா என்ற விவாதமே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பெரும்பக்கத்தால் (ஹியூஜ் பேஜ்) லாபமா நட்டமா என்பது கெர்னலிடமிருந்து நினைவகத்தை வாங்கி நிரலுக்குப் பங்கிட்டுத் தரும் ஒதுக்கீட்டு நூலகத்தைப் பொறுத்தது. ஆகவே எந்திரம் முழுமைக்குமான ஒரே விசையாக இதை வைத்திருப்பது பொருந்தாது.

முதலில் வன்பொருளைப் பார்ப்போம். எக்ஸ்86-64 செயலியில் நினைவகத்தின் அடிப்படை அலகான பக்கம் 4 கிலோபைட். மெய்நிகர் முகவரி ஒன்றை உண்மை முகவரியாக மாற்ற நான்கு அடுக்குப் பக்க அட்டவணையைக் கடக்க வேண்டும். இந்த நடையை ஒவ்வொரு முறையும் தவிர்ப்பதற்காகவே, அண்மையில் மாற்றிய முகவரிகளைச் செயலிக்குள் சேமித்து வைக்கும் டிஎல்பி இருக்கிறது. இன்டெலின் ஸ்கைலேக் செயலியில் இரண்டாம் நிலை டிஎல்பியின் பதிவுகள் 1536. அவை முழுவதும் 4 கிலோபைட் பக்கங்களைச் சுட்டினால் எட்டுவது 6 மெகாபைட். 2 மெகாபைட் பெரும்பக்கங்களைச் சுட்டினால் 3 ஜிகாபைட். மெய்நிகர் எந்திரத்துக்குள் வேலை நடந்தால் நிலைமை இன்னும் மோசம். விருந்தினர் அட்டவணையின் ஒவ்வொரு படியும் புரவலர் அட்டவணை வழியாகப் போவதால், ஒரு முகவரி மாற்றத்துக்கு 24 நினைவக வாசிப்புகள் வரை ஆகலாம். இரு பக்கமும் 2 மெகாபைட் பக்கங்கள் இருந்தால் அது 15 ஆகக் குறையும்.

வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் கணக்கு ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 64 ஜிகாபைட் பகிர்வு நினைவகம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 4 கிலோபைட் பக்கங்கள் 1,67,77,216. பக்கத்துக்கு 8 பைட் வீதம் அட்டவணைப் பதிவுகள் மட்டும் 128 மெகாபைட். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிச் செயல்முறையைத் தொடங்குகிறது. செயல்முறைக்கு ஒரு பக்க அட்டவணை. 200 இணைப்புகள் நாள்பட ஓடி அந்த நினைவகம் முழுவதையும் தொட்டுவிட்டால், அட்டவணைகளுக்கே 25 ஜிகாபைட் போய்விடும். தரவு ஒன்றுதான், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருநூறு படிகள். 2 மெகாபைட் பக்கத்தில் இதே கணக்கு 50 மெகாபைட்டில் முடிகிறது. இத்தகைய வேலைக்குப் பெரும்பக்கம் வேண்டுமா என்று விவாதிக்கவே இடமில்லை.

வேண்டும் என்றால் எப்படி? கெர்னல் 2.6 காலம் முதல் உள்ள பழைய வழி, நிர்வாகியே இத்தனை பெரும்பக்கங்கள் என்று எண்ணிக் கொடுத்து முன்பதிவு செய்வது. முன்பதிவான நினைவகம் ஸ்வாப்புக்குப் போகாது. வேறு நிரலுக்கும் கிடைக்காது. அதிகம் ஒதுக்கினால் வீண், குறைத்து ஒதுக்கினால் பயன் இல்லை. எந்திரம் தொடங்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும். சில நாள் ஓடிய பிறகு கேட்டால் தொடர்ச்சியான வெற்றிடம் கிடைப்பது அரிது, 1 ஜிகாபைட் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். போஸ்ட்கிரெஸில் பெரும்பக்க அமைப்பின் இயல்பு மதிப்பு ‘முயன்று பார்’ என்பதுதான். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் சிறு பக்கங்களுக்கு இறங்கிவிடும். பெரும்பக்கம் இயங்குகிறது என்று நம்பியிருக்கும் நிர்வாகி மெம்இன்ஃபோ கோப்பில் மொத்த எண்ணும் மீதி எண்ணும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தால் உண்மை தெரியும். எத்தனை பக்கங்கள் தேவை என்பதைப் போஸ்ட்கிரெஸே கணக்கிட்டுச் சொல்லும் வசதி 2022இல் வெளியான 15ஆம் பதிப்பில்தான் வந்தது.

இந்தச் சுமையை நிர்வாகியின் தோளிலிருந்து இறக்கவே ஆந்திரியா ஆர்காஞ்செலி எழுதிய டிஹெச்பி 2011இல் 2.6.38 கெர்னலில் சேர்ந்தது. நிரல் எதுவும் கேட்க வேண்டாம், கெர்னலே பார்த்துப் பெரும்பக்கம் தரும். நோக்கம் நல்லது. சிக்கல் ஊகத்தில் இருக்கிறது. சிறு பக்கங்களைப் பின்னணியில் ஒன்றுசேர்க்கும் கேஹியூஜ்பேஜ்டி என்ற கெர்னல் இழைக்கு ஓர் அளவுகோல் உண்டு: 2 மெகாபைட் பரப்பிலுள்ள 512 சிறு பக்கங்களில் எத்தனை காலியாக இருந்தாலும் பரவாயில்லை? இயல்பு மதிப்பு 511. ஒரே ஒரு பக்கம் பயன்பாட்டில் இருந்தால் போதும், பரப்பு முழுவதும் நிரப்பப்படும். ஒதுக்கீட்டு நூலகம் தேவையில்லை என்று கெர்னலிடம் திருப்பிக் கொடுத்த பக்கங்களைக் கெர்னல் மீண்டும் அதன் தலையிலேயே கட்டுகிறது. தொடக்கக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. தொடர்ச்சியான இடம் இல்லையென்றால், நினைவகத்தை நெருக்கி அடுக்கும் வேலையைப் பக்கம் கேட்ட நிரலே காத்திருந்து செய்ய வேண்டியிருந்தது. 2016இல் 4.6 பதிப்பு அந்த இயல்பை மாற்றி, எம்அட்வைஸ் என்ற கெர்னல் அழைப்பின் வழியே கேட்ட நிரலுக்கு மட்டும் என்று ஆக்கியது.

என் வாதத்துக்கு வலுவான சான்று மோங்கோடிபி. பல பதிப்புகளாக டிஹெச்பியை அணைக்கச் சொன்ன அதே கையேடு, 8.0 பதிப்புக்கு இயக்கச் சொல்கிறது. இடையில் மாறியது மோங்கோடிபி பயன்படுத்தும் டிசிமேலக் என்ற ஒதுக்கீட்டு நூலகம். புதிய பதிப்பு செயலி வாரியாகத் தற்காலிகச் சேமிப்பு வைத்து, பெரும்பக்கத்தை மனத்தில் கொண்டு பங்கிடுகிறது. மேலே சொன்ன 511ஐச் சுழியமாக்கச் சொல்கிறது அக்கையேடு என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கம் தரட்டும், ஊகம் மட்டும் வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். ரெடிஸ் மறுமுனையில் நிற்கிறது. தரவை வட்டில் எழுத அது தன்னையே ஃபோர்க் செய்துகொள்கிறது, அதாவது அதே பக்கங்களைப் பகிரும் நகல் செயல்முறை ஒன்றைத் தொடங்குகிறது. பிறகு ஒரு பக்கத்தில் முதன்முறை எழுதும்போதெல்லாம் 4 கிலோபைட்டுக்குப் பதில் 2 மெகாபைட் நகலெடுக்க நேர்ந்தது. 2020இல் வந்த 5.8 கெர்னல் அந்த நடத்தையை மாற்றிவிட்டது. அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது. மோங்கோடிபி, ரெடிஸ் இரண்டையும் ஒரே எந்திரத்தில் நிறுவுபவர் எந்தக் கையேட்டைப் பின்பற்றுவார்?

கெர்னலே முடிவு செய்யட்டும் என்போரின் தரப்பு எளிதில் தள்ளத்தக்கதல்ல. நவாரோ, ஐயர், துருஷெல், காக்ஸ் ஆகியோர் 2002இல் முன்வைத்த ஆய்வு, பெரும்பக்கத்துக்கான இடத்தை முன்கூட்டி ஒதுக்கி வைத்து, அது நிரம்பிய பிறகே பெரும்பக்கமாக உயர்த்தும் வழியைக் காட்டியது. ஃப்ரீபிஎஸ்டி அந்த வழியில்தான் நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பங்களிப்போடு 2019இல் வெளியான ஹாக்ஐ ஆய்வு, எந்தப் பரப்புக்குப் பெரும்பக்கம் தந்தால் பயன் என்பதைக் கெர்னலே அளந்து முடிவெடுக்க முடியும் என்று நிறுவியது. லினக்ஸின் முரட்டு ஊகத்தைவிட இவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவீடு நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். அடுத்த நொடியில் எதை விடுவிக்கப் போகிறது என்பது ஒதுக்கீட்டு நூலகத்துக்கு மட்டுமே தெரியும்.

வாய் திறந்து கேட்கத் தெரியாத பழைய நிரல்களின் கதி என்ன என்பது நியாயமான கேள்வி. அதற்கும் இப்போது வழி உண்டு. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 2.35 பதிப்பு முதல், நிரலின் ஒரு வரியைக்கூட மாற்றாமல், சூழல் மாறியில் ஒரு மதிப்பைக் கொடுத்தால் போதும். அந்நூலகத்தின் ஒதுக்கீட்டுப் பகுதியான மேலக்கே எம்அட்வைஸ் வழியாகக் கேட்டுக்கொள்ளும். ஜாவாவிலும் இதற்கெனத் தனி விருப்பம் இருக்கிறது.

உபுண்டு ஏற்கெனவே டிஹெச்பியில், கேட்ட நிரலுக்கு மட்டும் தரும் எம்அட்வைஸ் நிலையை இயல்பாக வைத்திருக்கிறது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் ‘எப்போதும்’ என்று வைத்திருக்கிறது. பல நிரல்கள் சேர்ந்து ஓடும் எந்திரங்களுக்கு முன்னதே சரி. ஒரே தரவுத்தளத்துக்கென ஒதுக்கிய எந்திரத்தில் பகிர்வு நினைவகத்துக்கு முன்பதிவு செய்யலாம், அல்லது மோங்கோடிபிபோல நூலகத்தை நம்பி முழுவதும் திறந்துவிடலாம். நிறுவல் கையேடு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: இயக்கு, அணை என்று எழுதும்போது, எந்தக் கெர்னல் பதிப்பில், எந்த ஒதுக்கீட்டு நூலகத்தோடு சோதித்த அறிவுரை அது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.